பத்து லட்சம் போகும் ஐந்து ரூபாய்

நாணயம் சேர்க்கிறவரைக் கல்யாணப் பந்தியில் யாருக்கும் அறிமுகப்படுத்தக் கூடாது. இதை எழுதுகிறவர் (இனிமேல் கட்டுரைக்காரர்) போன முகூர்த்தத்தில் மொய் எழுதிவிட்டு, கை கழுவிக்கொண்டு இலை முன்னால் உட்கார்ந்தார். இலையில் தெளித்த தண்ணீர்கூடக் காயவில்லை, மாப்பிள்ளையின் சித்தப்பா வந்துவிட்டார். பக்கத்து இலைக்காரரிடம், "சார் பெரிய காயின் கலெக்டர்" என்று சொல்லிவிட்டுச் சாம்பார் வாளியைத் தேடிக்கொண்டு போயும்விட்டார்.

பக்கத்து இலைக்காரர் இடது கையால் சட்டைப் பையைத் துழாவி ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிளாஸ்டிக் கவருக்குள் காகிதம், காகிதத்துக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் காசு.

"சார், வைஷ்ணோ தேவி. என்ன போகும்?"

"அஞ்சு ரூபாய்."

"அது காசுல போட்டிருக்கிறது சார். நான் கேக்கிறது ரேட்டு."

"ரேட்டும் அதான்."

அவர் சிரித்தார். விவரம் தெரிந்தவர்கள் சிரிக்கும் சிரிப்பு. "பத்து லட்சம்னு வீடியோவே வந்திருக்கு. நீங்க அஞ்சு ரூபாய்ங்கறீங்க" என்றவர், எதிர்வரிசைப் பக்கம் திரும்பி, "ஏமாந்தவன் கிடைச்சா அடிச்சிட்டுப் போயிடுவாங்க" என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். பாயசம் வருவதற்குள், கட்டுரைக்காரர் ஒரு காசு வியாபாரி, அதிலும் கூசாமல் பொய் சொல்கிற வியாபாரி என்று அந்த வரிசை முழுவதும் முடிவாகிவிட்டது. இரண்டாம் தடவை அப்பளம் அவர் இலைக்கு வரவே இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்பது அவர் கட்சி.

மேற்படி காசின் ஜாதகம் ரொம்பச் சின்னது. வைஷ்ணோ தேவி ஆலய வாரியத்தின் வெள்ளி விழாவுக்காக 2012 என்று ஆண்டு பொறித்து, 5 ரூபாயிலும் 10 ரூபாயிலும் வந்தது. கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைக்க அல்ல, சில்லறையாகப் புழங்கவே விட்டார்கள். மளிகைக் கடையில், பெட்ரோல் பங்க்கில், உண்டியல் எண்ணும் இடத்தில் எங்கும் அது கிடைத்தது. அதற்குப் பத்து லட்சம் தர யாரோ ஒரு மகானுபாவர் காத்திருக்கிறார் என்ற சேதியும் கூடவே புழங்கியது. 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே ஓர் எச்சரிக்கை விட்டது. பழைய நோட்டு, நாணயம் வாங்குவதாகவும் விற்பதாகவும் சொல்லி, வங்கியின் பெயரையும் சின்னத்தையும் போட்டு, கட்டணம், கமிஷன், வரி என்று பணம் கறக்கிறார்கள். எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றது. அந்த எச்சரிக்கையை யாருக்காவது அனுப்பிவைத்த ஒரு மனிதரைக் கட்டுரைக்காரர் இன்னும் சந்திக்கவில்லை. வீடியோவை அனுப்பாத உறவினர் அவருக்கு ஒருவர்கூட இல்லை.

நிற்க. ஆசிரியர் கேட்டது இதெல்லாம் இல்லை. தமிழ்நாட்டோடு தொடர்புள்ள நினைவு நாணயங்களைச் சேர்க்க ஆசைப்படுகிற புதியவர் எப்படித் தொடங்க வேண்டும், எங்கே வாங்க வேண்டும், என்ன விலை கொடுக்கலாம் என்று நாலு பேருக்கு உபயோகமாக எழுதித் தரச் சொன்னார். தாராளமாக எழுதலாம். பட்டியல் ஒன்றும் மலைக்க வைக்கிற நீளம் இல்லை. 1995இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்குத் திருவள்ளுவரோடு வந்தது. 2003இல் காமராஜர் நூற்றாண்டு. 2009இல் அண்ணா நூற்றாண்டு, அவருடைய தமிழ்க் கையெழுத்தோடு. 2010இல் சி. சுப்பிரமணியம் நூற்றாண்டு; அதே ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு. பிறகு எம்.எஸ்., எம்.ஜி.ஆர். நூற்றாண்டுகள். 2024 ஆகஸ்டில் 'தமிழ் வெல்லும்' என்று பொறித்த கருணாநிதி நூற்றாண்டு நாணயம். 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழனுக்கு ஒன்று. இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து எங்கே, எப்படி, எவ்வளவு என்று சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

அதற்கு முன்னால் முகமதிப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை.

நம் நாட்டு நினைவு நாணயங்களில் வயதுதான் விலை. நூற்றாண்டு என்றால் நூறு ரூபாய். அதுவரை புரிகிறது. திருத்தணிக்காரரான ராதாகிருஷ்ணனுக்கு 125ஆவது பிறந்தநாள் வந்தது. 2015இல் 125 ரூபாய்க்கு நாணயம் போட்டார்கள். அதே ஆண்டு அம்பேத்கருக்கும் 125. புள்ளியியல் மேதை மகலனோபிஸுக்கு 2018இல் 125. தாகூருக்கு 150 வயது, ஆகவே 150 ரூபாய். குரு கோவிந்த் சிங்குக்கு 350. குரு தேக் பகதூருக்கு 400. குரு நானக்குக்கு 550. மனிதர்களோடு நிறுத்தினார்களா? கொல்கத்தா நாணயச்சாலைக்கு 60 ஆண்டு நிறைந்ததும், சஷ்டியப்தபூர்த்தியைத் தானே நடத்திக்கொண்டு 60 ரூபாய் நாணயம் அடித்தது. கயிறு வாரியத்துக்கு வைர விழா, அதற்கும் 60. பொள்ளாச்சிப் பக்கம் பெருமைப்படலாம். ரிசர்வ் வங்கி 75 வயதில் 75 ரூபாய், 90 வயதில் 90 ரூபாய். 2023இல் ஒரு வானொலி நிகழ்ச்சி நூறாவது பகுதியைத் தொட்டது. அதற்கும் 100 ரூபாய் நாணயம் வந்தது.

இவை அத்தனையும் சட்டப்படி செல்லும். அதாவது கட்டுரைக்காரர் நாளைக் காலை அண்ணாச்சி கடைக்குப் போய் 485 ரூபாய்க்கு மளிகை வாங்கி, குரு நானக் 550ஐக் கல்லாவில் வைக்கலாம். மீதி 65. அண்ணாச்சி ஒரு கயிறு வாரியத்தையும் ஒரு ஐந்து ரூபாய்க் காமராஜரையும் எடுத்துக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது. "இவ்வளவு பெரிய காசுக்குச் சில்லறை இல்லை" என்று அவர் சொன்னால் அதற்கும் வழி உண்டு. குரு கோவிந்த் சிங் 350, ராதாகிருஷ்ணன் 125, எம்.எஸ். சுப்புலட்சுமி 10. சரியாக 485. பைசா பாக்கியில்லை. ஆனால் அண்ணாச்சி முதல் இரண்டையும் உற்றுப் பார்த்துவிட்டுப் போனால் போகிறது என்று வாங்கினாலும் வாங்குவாரே தவிர, மூன்றாவதைத் தொட மாட்டார். "பத்து ரூபாய்க் காசு செல்லாதுங்க" என்பார். அந்த வழக்குக்குப் பிறகு வருவோம்.

சரி, பெரிய மதிப்புள்ள காசில் வெள்ளி அதிகமாக இருக்கும் என்று புதியவர் நினைக்கலாம். நினைக்கக் கூடாது. பெரிய கோயிலின் 1000 ரூபாய் நாணயத்தின் எடை 35 கிராம், அதில் வெள்ளி எண்பது சதவீதம், ஆக 28 கிராம். புதிய நாடாளுமன்றத் திறப்புக்கு 2023இல் வந்த 75 ரூபாயும் அதே 35 கிராம்தான், ஆனால் வெள்ளி பாதிக்குப் பாதி, 17.5 கிராம். ரிசர்வ் வங்கியின் 90 ரூபாயோ 40 கிராம், ஏறக்குறைய சுத்த வெள்ளி. ஆகவே நம் நாட்டில் ஆயிரம் ரூபாயைவிடத் தொண்ணூறு ரூபாய் அதிகம். இதை வீட்டில் விளக்கிச் சொன்னபோது வீட்டம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தத் தொண்ணூறை எவ்வளவுக்கு வாங்கினீங்க?" முகமதிப்புக்கு யாரும் விற்பதில்லை. நாணயச்சாலை முன்பதிவில் கேட்கிற விலையே அதற்குப் பல மடங்கு. கைமாறி வந்தால் இன்னும் மேலே. கட்டுரைக்காரர் பேச்சை வெள்ளியின் பொதுவான குணங்கள் பக்கம் திருப்பினார்.

வயதுக்கு ஒரு ரூபாய் என்ற இந்தக் கொள்கை தமிழர்களுக்கு எவ்வளவு ஆபத்தானது என்பதை யாரும் யோசிக்கவில்லை. 1995இல் வள்ளுவர் சில்லறைக் காசோடு தப்பித்துவிட்டார். இன்று அவருக்கு ஒரு நாணயம் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசின் கணக்கில், ஆங்கில ஆண்டோடு 31ஐக் கூட்டினால் திருவள்ளுவர் ஆண்டு. ஆக முகமதிப்பு 2050 ரூபாய்க்கு மேல் போகிறது. ஆனால் 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி 1000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள நாணயம் அடிக்க முடியாது. வள்ளுவர் நாடாளுமன்றச் சட்டத்துக்குள் அடங்காதவர். பெரிய கோயில் மயிரிழையில் தப்பியது. கொண்டாட்டத்தை ஒரு வருடம் தள்ளி வைத்திருந்தால் 1001.

தொல்காப்பியர் விஷயம் இன்னும் மோசம். அவருக்கு நாணயம் என்று அறிவித்த மறுநாளே நிதியமைச்சக அதிகாரி ஒருவர் சென்னைக்கு விமானம் ஏறுவார். அவருக்குத் தேவை ஒரே ஓர் எண். கமிட்டி போடுவார்கள். கிறிஸ்துவுக்கு முன் என்பார் ஒரு பேராசிரியர். பின் என்பார் இன்னொருவர். ஒவ்வொரு நூற்றாண்டுக்கும் நூறு ரூபாய் ஏறி இறங்கும். அதிகாரி நடுவாக ஒரு தொகையைச் சொன்னால், தமிழைப் பேரம் பேசுகிறீர்களா என்று இருவரும் ஒன்றாக எழுந்து வெளிநடப்புச் செய்வார்கள். குமரிக்கண்டத்தின் சார்பில் ஒருவர் மனு கொடுப்பார். அவர் கேட்கிற தொகைக்கு நாணயம் போதாது, காசோலைதான் வேண்டும். அகத்தியரைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது. அந்த மதிப்பைப் பொறிக்கச் சுற்றளவு இல்லை. அவ்வையாருக்கு வேறு சிக்கல். அவர் ஒருவரா, பலரா என்று அறிஞர்கள் முடிவு சொல்லும்வரை நாணயச்சாலையில் எத்தனை அச்சு வெட்டுவது என்று தெரியாது. பலர்தான் என்று தீர்ப்பானால் செட்டாக வெளியிடலாம். செட் என்றதும் கட்டுரைக்காரரைப் போன்றவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஒரு அவ்வையார் கிடைக்காமல் போய், அந்த ஒரு அவ்வையாருக்காக மற்றதையெல்லாம் இரண்டாம் முறை வாங்குவார்கள். கபிலர், நக்கீரர், பரணர் மூவரையும் ஒரே காசில் போட்டால் மூன்று வயதையும் கூட்டுவதா, சராசரி எடுப்பதா? சராசரி எடுத்தால் நக்கீரர் சும்மா இருப்பாரா? அகநானூறுக்கு 400 ரூபாய் என்று பாட்டெண்ணிக்கையை வைத்துப் போடலாம் என்று சமரசத் திட்டம் வரும். உடனே புறநானூற்றுக்காரர்கள் எங்களுக்கும் அதே 400தானா என்று கிளம்புவார்கள். பத்துப்பாட்டுக்குப் பத்து ரூபாய் ஒதுக்கினால் தீர்ந்தது, தமிழ்நாட்டில் ஒரு கடையிலும் வாங்க மாட்டார்கள்.

ஒரு வார்த்தை முடிந்தது.

எதைக் கொண்டாடுவது என்பதிலும் அரசாங்கத்துக்குத் தனி ரசனை உண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயம் 1964இல் நேரு மறைந்தபின் வந்தது, 50 பைசாவிலும் ஒரு ரூபாயிலும். 1969இல் காந்தி நூற்றாண்டு. இதெல்லாம் நியாயம். 1974இல் 'திட்டமிட்ட குடும்பம், அனைவருக்கும் உணவு' என்று குடும்பக் கட்டுப்பாடு நாணயத்தில் ஏறியது. 1988இல் மானாவாரி விவசாயம். 2010இல் வருமான வரிக்கு 150 வயது என்று 5 ரூபாய் நாணயம். அதில் சாணக்கியரோடு ஒரு தாமரையும் ஒரு தேனீயும் இருக்கும். பூவுக்கு நோகாமல் தேனீ தேன் எடுக்கிற மாதிரி வரி வாங்க வேண்டும் என்பது உட்பொருள். பூக்களிடம் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. அதே வருடம் தலைமைக் கணக்குத் தணிக்கை அலுவலகத்துக்கும் 150 வயது, அதற்கும் நாணயம். வரி வாங்கினவருக்கு ஒன்று, கணக்குப் பார்த்தவருக்கு ஒன்று. கட்டினவருக்கு?

இப்போது பத்து ரூபாய் வழக்கு. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, பத்து ரூபாய் நாணயம் 14 வடிவங்களில் வந்திருக்கிறது, பதினான்கும் செல்லும் என்று அறிவித்தது. சந்தேகம் இருந்தால் கூப்பிட்டுக் கேட்க 14440 என்று ஒரு எண்ணும் கொடுத்தது. அந்தப் பதினான்கில் பாதிக்குக் குறையாதவை நினைவு நாணயங்கள். பத்துக் கோடு போட்டது நல்லது, பதினைந்து கோடு போட்டது கள்ளக் காசு; ரூபாய்க் குறி இருந்தால் செல்லும், இல்லாவிட்டால் செல்லாது என்று ஊரில் ஒரு சாஸ்திரம் கிளம்பியதுதான் காரணம். ரூபாய்க் குறியே 2010இல்தான் வந்தது; அதற்கு முந்தைய காசில் அது எப்படி இருக்கும்? வங்கி சொன்னதைக் கேட்டு நாட்டின் மற்ற பகுதிகள் ஓரளவு சமாதானம் ஆயின. தமிழ்நாடு ஆகவில்லை. கூழோ கஞ்சியோ குடித்தாலும் பத்து ரூபாய்க் காசை வாங்குவதில்லை என்று பல கடைகளில் இன்றும் கொள்கையாக இருக்கிறது. தாள் கேட்பார்கள். அந்தத் தாள் நான்காக மடிந்து, நடுவில் ஓட்டையோடு, மீன் வாசனை அடிக்கும். அதை நெற்றியில் ஒற்றிக் கல்லாவில் போடுவார்கள்.

2022இல் தர்மபுரிப் பக்கத்துக்காரர் ஒருவர், யாரும் வாங்காத பத்து ரூபாய்க் காசுகளை லட்சக்கணக்கான ரூபாய்க்குச் சேர்த்து மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய்க் கார் வாங்கினார் என்று பேப்பரில் வந்தது. நாணயச் சட்டப்படி ஆயிரம் ரூபாய் வரைக்கும்தான் காசாகக் கொடுப்பதை ஒருவர் ஏற்றாக வேண்டும். அதற்கு மேல் கார்க்கடைக்காரர் மறுத்திருந்தால் சட்டம் அவர் பக்கம். அவர் மறுக்கவில்லை. ஒரு டீக்கு ஒரு காசை வாங்காத மாநிலத்தில் ஒரு காருக்கு மூட்டையை வாங்கிக்கொண்ட அந்த மனிதருக்குத்தான் முதலில் ஒரு நாணயம் போட வேண்டும்.

இந்த வெறுப்பால் கட்டுரைக்காரருக்கு லாபமே என்று சிலர் சொல்கிறார்கள். அக்கம்பக்கத்தில் யாருக்குப் பத்து ரூபாய்க் காசு வந்தாலும் அவர் வாசலில் கொண்டுவந்து கொட்டித் தாளாக வாங்கிப் போகிறார்கள். அம்பேத்கர், யோகா தினம், நாடாளுமன்றம் 60 என்று வகை வகையாக வரத்தான் செய்கிறது. வந்ததைத் திருப்பித் தள்ள இடமில்லை. சேகரிப்பு என்ற பெயரில் வீட்டில் தேங்கியிருப்பதில் பெரும்பகுதி, உண்மையில், செலவழிக்க முடியாத சம்பளம்.

காசு கைக்கு வந்ததும் அடுத்த வேலை ஆண்டுக்குக் கீழே பார்ப்பது. வைரக் குறி இருந்தால் மும்பையில் அடித்தது. நட்சத்திரம் ஹைதராபாத். புள்ளி நொய்டா. ஒன்றுமே இல்லை என்றால் கொல்கத்தா. ஆகவே ஒரே காமராஜரை ஊருக்கு ஒருவராகத் தேட வேண்டியிருக்கிறது. பஸ்ஸில் மீதிச் சில்லறை வாங்கியதும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவரைக் கண்டக்டருக்குப் பிடிப்பதில்லை. "நல்ல காசுதான் சார், கவர்மென்ட்டு அடிச்சது" என்பார். எந்த ஊர் கவர்மென்ட்டு என்பதுதான் கேள்வி என்று அவரிடம் சொல்ல முடியுமா? பூதக்கண்ணாடியைப் பையில் வைத்துக்கொண்டு அதை வெளியே எடுக்கக் கூச்சப்படுகிற வேதனை, இந்தப் பழக்கம் உள்ளவர்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

சென்னைக்குக் குறி கிடையாது, ஏனென்றால் சென்னையில் நாணயச்சாலை கிடையாது. இருந்தது. கம்பெனிக்காரன் காலத்தில் பகோடாவும் ஃபணமும் அடித்த சாலை. 1869இல் இழுத்து மூடினார்கள். தங்கசாலைத் தெரு என்ற பெயர் மட்டும் மிச்சம். காமராஜரையும் அண்ணாவையும் அடிக்க வேண்டுமென்றால் வெளியூரில் கொடுத்துத்தான் அடித்து வாங்க வேண்டும்.

அப்படி அடித்தவை எல்லாம் ஊரில் இருக்கின்றனவா என்றால் அதுவும் இல்லை. 2007 வாக்கில் ஒரு செய்தி அடிபட்டது: இந்தியச் சில்லறையை வங்கதேசத்துக்குக் கடத்தி, உருக்கி, சவர பிளேடு செய்கிறார்கள். காசின் மதிப்பைவிட அதிலிருந்து வரும் பிளேடுகளின் விலை பல மடங்கு என்று கணக்கும் போட்டிருந்தார்கள். நாணயத்தை உருக்குவது சட்டப்படி குற்றம். தாடிக்கு அந்தச் சட்டம் தெரியாது. கட்டுரைக்காரருக்கு இன்றுவரை கிடைக்காத சில காசுகள் எந்த ஊர்க் கன்னத்தில் ஓடித் தேய்ந்தனவோ என்று அவர் நினைத்துப் பார்ப்பதுண்டு, அதுவும் காலையில் முகம் மழிக்கும்போது.

பதக்கங்களைப் பற்றியும் இரண்டு வரி எழுதும்படி ஆசிரியர் சொல்லியிருந்தார். கட்டுரைக்காரரிடம் இருப்பவை பள்ளிக்கூட விளையாட்டு விழாப் பதக்கங்கள்; பக்கத்து வீட்டுப் பையன் வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போனவை. நிஜமான பிராந்தியப் பதக்கம் பார்க்க வேண்டுமென்றால் ஸ்ரீரங்கப்பட்டணம் பதக்கம் இருக்கிறது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததைக் கொண்டாடக் கிழக்கிந்தியக் கம்பெனி பர்மிங்ஹாம் பக்கத்து சோஹோ பட்டறையில் அடித்து வரவழைத்தது. ஒரு பக்கம் சிங்கம் புலியை அமுக்குகிறது. மறுபக்கம் கோட்டை முற்றுகை. பெரிய தளபதிகளுக்குத் தங்கம். அடுத்த படிக்குத் தங்க முலாம் பூசிய வெள்ளி, அதற்கும் கீழே வெள்ளி, பிறகு வெண்கலம். கோட்டைச் சுவரில் ஏறிய சிப்பாய்க்கு வெள்ளீயம். மெட்ராஸ் படையில் போன நம் ஊர்க்காரர்கள் அந்தக் கடைசி வரிசையில். இன்று ஏலத்தில் தங்கத்துக்கு இருக்கிற மரியாதை ஈயத்துக்கு இல்லை. இருநூறு வருடத்துக்குப் பிறகும் சிப்பாய் சிப்பாய்தான்.

எங்கே வாங்குவது என்ற கேள்விக்கு வரலாம் என்றால் புதுக்கோட்டை குறுக்கே நிற்கிறது. நினைவு நாணயம், பிராந்திய நாணயம் என்றெல்லாம் அரசாங்கம் திட்டம் போடுவதற்கு வெகு காலம் முன்பே, தொண்டைமான் மன்னர்கள் அம்மன் காசு அடித்தார்கள். சுண்டுவிரல் நகமளவுச் செம்பு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள். மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்று இருக்கும். நவராத்திரிக்கு அரண்மனையில் ஜனங்களுக்கு அரிசியோடு சேர்த்து இந்தக் காசையும் கொடுப்பது வழக்கம். வயதுக்கு ஒரு ரூபாய் என்ற கணக்கில்லை, வெல்வெட் பெட்டி இல்லை, முன்பதிவு இல்லை, தலைக்கு இத்தனை செட்தான் என்ற நிபந்தனை இல்லை. கையை நீட்டினால் அரிசி, அரிசி மேலே அம்மன். வெள்ளைக்காரன் ஆட்சியில் மற்ற சமஸ்தானங்கள் ஒவ்வொன்றாக நாணய உரிமையை விட்டுக்கொடுத்த காலத்திலும் புதுக்கோட்டை இந்தச் செம்புக் காசை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது.

அந்தக் காசுகள் இன்றும் அந்தப் பக்கத்து வீடுகளில் அரிசிப் பானையிலும் சாமி அலமாரியிலும் கிடக்கின்றன. போன நவராத்திரிக்குக் கட்டுரைக்காரர் ஒரு வீட்டில் கொலு பார்க்கப் போனார். நாணயக்காரர் வருகிறார் என்று தெரிந்து, அந்த வீட்டுப் பெரியம்மா பாட்டி வைத்துவிட்டுப் போன அம்மன் காசுகளை ஒரு தட்டில் பரப்பி வைத்திருந்தார். முந்தின நாள் ராத்திரி புளி போட்டு ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, சாம்பல் போட்டுத் துடைத்திருந்தார். தட்டு தகதகவென்று மின்னியது. காசுகளில் அம்மனும் இல்லை, விஜயமும் இல்லை. "எப்படிப் பளிச்சுன்னு வந்திருக்கு பாருங்க தம்பி" என்றார். தம்பி சுண்டலை வாயில் போட்டுக்கொண்டு தலையை ஆட்டினார்.

ஆகவே, எங்கே வாங்குவது, என்ன விலை என்பதற்கெல்லாம் இடம் இல்லாமல் போய்விட்டது. அதை ஆசிரியர் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்வார். வாசகர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய காசு எது இருந்தாலும், அம்மன் காசோ, காலணாவோ, காந்தி நூற்றாண்டு ரூபாயோ, அதைத் தேய்க்காதீர்கள். புளி வேண்டாம், எலுமிச்சை வேண்டாம், பாத்திரப் பவுடர், பற்பசை, விபூதி எதுவும் வேண்டாம். செம்பின் மேல் இருக்கிற கறுப்பு அழுக்கு அல்ல, பல வருடங்களாகப் படிந்தது. புளி அந்தக் கறுப்போடு செம்பின் மேல்தோலையும் கரைக்கும், நாரும் சாம்பலும் எழுத்தை அறுக்கும், போன எழுத்து எந்த விலை கொடுத்தாலும் திரும்பி வராது. எதையாவது தேய்த்தே ஆக வேண்டும் என்று கை பரபரத்தால், குத்துவிளக்கைத் தேயுங்கள்.